ஆன்டெனாவைக் கழற்றிப் பார்த்தவர்

ஆராய்ச்சிக் கூடத்தில் அவருக்கு வைத்த பெயர் சந்தேகம் சார். எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ரேடியோ இரைச்சலோடுதான் குடித்தனம். கருவி கரகரவென்றால் மனுஷன் நிம்மதியாக இருப்பார். சுத்தமாகப் பேசினால்தான் முகம் சுருங்கும்.

மீன்பிடிப் படகுகளுக்கான ரேடியோ அவர் குழுவின் பல வருட உழைப்பு. நடுக்கடலிலும் புயல் எச்சரிக்கை கேட்க வேண்டும். அது தேறினால் குழுத் தலைவர் பதவி அவருக்குத்தான் என்று இயக்குநரே வாய்விட்டுச் சொல்லியிருந்தார்.

சோதனை நாளில், நடுக்கடலில் எவ்வளவு மெலிந்து கிடைக்குமோ அந்த அளவுக்குச் சிக்னலை மெலியவைத்துப் பக்கத்து அறையிலிருந்து அனுப்பினார்கள். குரல் கணீரென்று வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். இவர் மட்டும் எழுந்துபோய் ஆன்டெனாவைப் பிடுங்கினார்.

குரல் நிற்கவில்லை.

இயக்குநருக்கு முகம் கறுத்தது. "மாட்டுய்யா அதை! நல்லாத்தானே கேக்குது? தேறிச்சுன்னு கையெழுத்தைப் போடு."

"காத்துல வரல சார், கரண்டு வயர்ல வருது. அனுப்புற கருவியையும் இதையும் ஒரே பிளக் பலகையில செருகினது யாரு?"

கூடவே படித்து, கூடவே வேலைக்குச் சேர்ந்த கூட்டாளி தலையைச் சொறிந்தார். "நான்தாம்ப்பா. வேற பிளக் கிடைக்கல."

"கிடைக்கலையா, தேடலையா? நாளைக்குக் கடல்ல ஊமையானா உருளப்போறது என் தலைதானே?"

"அடப்பாவி, உன் பொண்டாட்டி உன்னோட எப்படித்தான் குப்பை கொட்டுறாங்களோ!"

ரேடியோவை பேட்டரியில் ஓட்டி, ஆன்டெனாவை மாட்டிக் கேட்டார்கள். வெறும் இரைச்சல்தான். அவர் கையெழுத்துப் போடவில்லை. இயக்குநர் பேனாவைக் கூட்டாளியிடம் நீட்டினார். "நீயாவது போடு."

"இதை நம்பிப் படகுல ஆளுங்க போவாங்க சார். என்னாலயும் முடியாது."

வேறு யாராக இருந்தாலும் அதைக் கேட்டு மனம் குளிர்ந்திருக்கும். இவருக்கோ, இவன் எதற்குத் திடீரென்று நம் பக்கம் சாய்கிறான் என்று புதிதாக ஒரு சந்தேகப் பூச்சி குடையத் தொடங்கியது.

பதவி வேறு பிரிவுக்காரருக்குப் போயிற்று. இரண்டு பேரும் ஒரே மேசையில் சண்டை போட்டுக்கொண்டே கருவியைப் பிரித்து மறுபடி கட்டினார்கள். கடைசிச் சோதனைக்கு இவரே படகேறினார். வழியெல்லாம் வாந்தி. கரை கண்ணுக்கு மறைந்து வெகுதூரம் போனதும் கூட்டாளியின் குரல் தெளிவாக வந்தது.

"கேக்குதாப்பா?"

"கேக்குது. நீ நிஜமா கரையிலதான் இருக்கியா?"

கேட்டதோடு விடவில்லை. வேறு படகு எதுவும் பின்னால் வருகிறதா என்று நாலு பக்கமும் பார்த்துவிட்டுத்தான், ரேடியோ தேறியது என்று கையெழுத்துப் போட்டார்.