புக்கிட் ரோத்தானில் இறங்காதவள்

இன்று மத்தியானம் கோல சிலாங்கூர் பஸ்ஸில் பல்கலைக்கழக மாணவி ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முதல் செமஸ்டராம். கைபேசியில் அவள் அம்மாவின் குரல் எனக்கும் கேட்டது.

"கிளாஸ்லயா இருக்க? என்னடி அவ்ளோ சத்தம்?"

"ஃபேன் சத்தம்மா. எல்லாம் ஓகே லா."

பஸ் புக்கிட் ரோத்தானைத் தாண்டியபோது கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"அந்தச் சந்துலதான் எங்க வீடுக்கா."

"எறங்கலயாம்மா?"

"எறங்குனா திரும்பி கேம்பஸுக்குப் போக மாட்டேன்க்கா. அங்க ஒருத்தருக்கும் என் பேரு தெரியாது. சும்மா வீட்டப் பாத்துட்டுப் போயிருவேன்."

கடைசி நிறுத்தத்தில் இறங்கி, திரும்பிப் போகும் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

என் மகளுக்கு இரண்டு வயது. இந்த ராத்திரியில் அவள் தூங்கிவிட்டாள், எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

பிள்ளை "ஓகே லா" என்றால், எந்த பஸ்ஸிலிருந்து சொல்கிறது என்று, வளர்ந்த பிள்ளைகள் இருக்கும் நீங்களெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?