வெற்றிலையில் விரிந்த கவர்னர்

போன மாதம் என் பேத்தியின் கல்யாணத்தை நானே கெடுக்கப் பார்த்தேன். கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். வாய் சும்மா இருக்கவில்லை.

பையன் அவளோடு வேலை பார்ப்பவன், அவளே விரும்பியவன். எங்களைப் போல நெசவுக் குடும்பம், புதுச்சேரி. ஞாயிற்றுக்கிழமை பள்ளிபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வேனில் வந்தார்கள். நாலரைக்கு ராகு காலம். அதற்குள் தட்டு மாற்ற வேண்டும். காப்பி குடித்துக்கொண்டே பையனின் தாத்தா, "எங்க முன்னோர் பிரெஞ்சு கவர்னருக்கே துணி கொடுத்தவங்க சார்" என்றார்.

எந்தக் கவர்னர் என்று கேட்டேன். பெயரைச் சொன்னார். நான் வருஷக்கணக்காகப் படித்த அதே ஆள்! உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இளைஞனாகக் கப்பலேறி வந்தது, வங்காளத்தில் ஒரு சிறு துறைமுகத்தை வளர்த்தது, புதுச்சேரிக்குக் கவர்னரானது, ஆங்கிலேயரிடமிருந்து பிடித்த சென்னைக் கோட்டையைத் திருப்பித் தர மறுத்தது, யார் நவாபு என்று தானே தீர்மானித்தது! எழுந்து நின்றே சொன்னேன். நிச்சயத் தட்டிலிருந்த வெற்றிலைகளை எடுத்துப் பரப்பி, இது ஆற்காடு, இது திருச்சி என்று காட்டினேன்.

"அப்பா, நேரமாகுதுங்க" என்றாள் மகள்.

"இரு சாமி, திருச்சிக்கு வந்துட்டேன்."

பையனின் அத்தை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். "ராகு காலம் வந்துடுச்சே! ஆறு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தா எப்ப ஊர் போய்ச் சேர்றது? இன்னொரு நாள் பார்த்துக்கலாம்."

எல்லோரும் செருப்பு மாட்டினார்கள். பேத்தி என் கையைப் பிடித்தாள். "தாத்தா, அந்த ஊட்டுல பாதிப் பேருக்கு ஏற்கெனவே இஷ்டமில்லைங்க. இன்னிக்குப் போனா திரும்பி வரமாட்டாங்க."

வேன் வரை ஓடினேன். இருந்து முடித்துவிட்டுப் போகும்படி கெஞ்சினேன். படியில் கால் வைத்திருந்த பையனின் தாத்தா திரும்பினார். "கவர்னர் கடைசியில என்ன ஆனாரு? அதைச் சொல்றதா இருந்தா இருக்கேன்."

"நல்ல காரியத்துக்கு வந்திருக்கோம். முடிவும் நல்லதா இருந்தாச் சொல்லச் சொல்லுங்க" என்றார் அத்தை.

உண்மை எனக்குத் தெரியும். பிரெஞ்சுக் கம்பெனியே அவரைப் பதவியிலிருந்து இறக்கித் திருப்பி அழைத்தது. பாரிஸில் நியாயம் கேட்டு அலைந்து, வறுமையில் இறந்தார்.

"ராஜாவே வந்து வரவேற்றாருங்க" என்றேன். "பேரன் பேத்தி எடுத்துச் சுகமா வாழ்ந்தாரு."

உள்ளே வந்தார்கள். ஆறு மணிக்கு மேல் தட்டு மாறியது. பேத்தியின் முகத்தைப் பார்த்து எனக்கும் குதிக்கலாம் போலிருந்தது.

ஆனால் படித்தவன் சொன்னது என்று அந்தப் பெரியவர் புதுச்சேரி முழுக்க அதைச் சொல்லி வருகிறார். நேற்று போனில் அவரே சொல்லக் கேட்டேன். ராஜா இப்போது யானையில் வருகிறார். நான் திருத்தவில்லை.