துக்க வீட்டிலிருந்து வந்த கரண்ட்

போன வருடம் வைகாசி மாதம், ஊத்துக்கோட்டையைத் தாண்டி ஒரு கிராமத்தில் என் அக்கா மகளுக்கு வளைகாப்பு. நாங்கள் எல்லோரும் இருப்பது திருவள்ளூர் மணவாள நகரில். காலையில் கிளம்பினால் நாஷ்டா நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் பயணத்துக்காக நடந்த ஏற்பாடுகளைப் பார்த்தவர்கள், நாங்கள் காசிக்குப் போகிறோம் என்றே நினைத்திருப்பார்கள்.

காரணம் என் அக்கா. அவளுக்கு நுரையீரல் சுருங்கிக்கொண்டே வருகிற நோய். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் ஒரு மெஷின், மூக்கில் ஒரு குழாய். இந்த இரண்டும் இல்லாமல் அவளால் இருக்க முடியாது. மெஷின் கரண்டில் ஓடும். அதனால் இரண்டு வருடமாக அக்கா வாசலைத் தாண்டியதில்லை. ஆனால் மகள் வளைகாப்பு என்றதும் பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள், பெற்றவள் வளையல் போடாமல் வேறு யார் போடுவது என்று.

இந்த இடத்தில் என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். காக்களூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. ஒரு பழைய டெம்போ வேனை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அதற்கே கொடுத்து, அதை ஒரு வீடாகவே மாற்றி வைத்திருந்தார். படுக்கை, ஃபேன், சீட்டுக்கு அடியில் பெரிய பேட்டரியும் இன்வெர்ட்டரும், கூரையில் சோலார் பேனல். என்னைக் கட்டியபோதுகூட அவர் முகத்தில் அத்தனை பெருமை இல்லை. "நம்ம வண்டி இருக்கற வரைக்கும் யார்கிட்டயும் போய் கரண்டு கேக்க வேணாம்" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். வண்டி ஓடும்போது இன்ஜினிலிருந்தும் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுகிற மாதிரி செய்ய வேண்டும் என்பது மட்டும் அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

போய்ச் சேர்ந்தால், அன்றைக்குப் பார்த்து அந்த ஊரில் பராமரிப்புக்காக மாதம் ஒருமுறை வரும் மின்தடை. என் கணவர் அசரவில்லை. கூரை மேல் வெயில் விழுகிற மாதிரி வண்டியை வெட்டவெளியில் நிறுத்தினார். அக்காவின் நாற்காலி வரைக்கும் ஒயர் இழுத்தார். மெஷின் ஓடியது.

ஆனால் சம்பந்தி வீட்டாருக்கு மனசு கேட்கவில்லை. மருமகளை ஏற்றிப்போகிற வண்டி இப்படியா வெயிலில் காய்வது என்று கடிந்துகொண்டு, வேப்பமரத்தடியில் இருந்த அவர்கள் டிராக்டரையே நகர்த்தி இடம் விட்டார்கள். வளைகாப்பு நாளில் சம்பந்தி நிழல் கொடுத்தால், வேண்டாம், எங்களுக்கு வெயில்தான் வேண்டும் என்று யாரால் சொல்ல முடியும்? இவரும் பேசாமல் வண்டியை நிழலில் விட்டார். கொஞ்ச நேரத்தில் ஊரே செல்போனோடு வந்துவிட்டது. ஃபோட்டோகிராஃபர் கேமரா பேட்டரியைச் செருகினார். யாரோ மிக்ஸியைக்கூடக் கொண்டுவந்தார்கள். இவர் எல்லாருக்கும் சிரித்துக்கொண்டே பிளக் மாட்டிக் கொடுத்தார். நானும் பெருமையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சார்ஜ் தீருகிறது என்று இன்வெர்ட்டர் கத்தியிருக்கும். நலங்குப் பாட்டில் யார் காதில் விழப்போகிறது?

அக்கா ஆசைப்பட்டபடியே மகள் கை நிறைய வளையல் போட்டாள். மாப்பிள்ளைக்குக் கும்மிடிப்பூண்டியில் மதிய ஷிப்ட் என்பதால் பந்தி முடிந்ததும் கிளம்பிவிட்டார். அக்காவையும், பிரசவத்துக்காகத் தாய் வீட்டுக்கு வரும் அவள் மகளையும் ஏற்றிக்கொண்டு நாங்கள் புறப்பட்டோம்.

ஊரைத் தாண்டிய கொஞ்ச நேரத்திலேயே மெஷின் நின்றுவிட்டது. பேட்டரியில் சுத்தமாக ஒன்றும் இல்லை. அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன சிலிண்டரை அக்காவுக்கு மாட்டினோம். அது தீருவதற்குள் ஊத்துக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்றுதான் இவர் வேகமாக ஓட்டினார். அடுத்த வளைவில் பாதையே இல்லை. சிறுபாலம் கட்டத் தோண்டிய பள்ளத்தில் ஒரு மணல் லாரி இறங்கி, ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. பைக் மட்டும் ஓரமாகப் போக முடிந்தது. நாங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் பின்னால் பஸ்ஸும் ஷேர் ஆட்டோக்களும் வரிசையாக வந்து நின்றுவிட்டன. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தோம். வந்தாலும் லாரிக்கு அந்தப் பக்கம்தான் நிற்க முடியும் என்றார்கள். அக்காவால் பத்தடிகூட நடக்க முடியாது. சிலிண்டர் முள் இறங்கிக்கொண்டே வந்தது. அவள் உதடு வெளுத்துப்போனதை நான் பார்த்தேன், அவள் மகளும் பார்த்துவிட்டாள்.

அப்போதுதான் பக்கத்துத் தெருவில் ஜெனரேட்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் வாசலில் சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், பெரிய மாலைகள். சாவு வீடு. அங்கேயும் கரண்ட் இல்லாததால் ஐஸ் பெட்டிக்காக ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பேச மூச்சில்லை, ஆனாலும் சொன்னாள். "வேணாம். மாசமா கீற பொண்ண இட்டுக்கினு அங்க போவாத." அவள் மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். நான் தலையில் இருந்த பூவை எடுத்து சீட்டில் போட்டுவிட்டு இறங்கி நடந்தேன். பட்டுப் புடவையில், கன்னத்தில் சந்தனத்தோடு, முன்பின் தெரியாதவர்கள் துக்கத்தில் போய் நின்று கரண்ட் கேட்கப் போகிறோமே என்று கால் கூசியது.

இறந்துபோனது ஒரு வயதான அம்மா. அவருடைய மகள்தான் எழுந்து வந்தாள். என் வயதுதான் இருக்கும். கம்பெனி யூனிஃபார்ம் கோட்டைக்கூடக் கழற்றவில்லை, ஷிப்டிலிருந்து நேராக வந்திருக்கிறாள். நான் உளறிக்கொட்டியதை அவள் முழுசாகக் கேட்டுக்கொண்டாள். பெரியவர் ஒருவர், அவளுடைய மாமா, இந்த ஜெனரேட்டர் இரண்டையும் தாங்காது, பெட்டியை நிறுத்தினால்தான் முடியும் என்றார். மூத்த மகன் மும்பையிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருக்கிறான், சாயங்காலம் அவன் அம்மா முகத்தைப் பார்க்க வேண்டாமா என்றும் கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. நான் திரும்பிப் போகத்தான் நினைத்தேன்.

"எங்கம்மாவுக்கு இனிமே இன்னா மாமா அவசரம்? அந்தக்காவுக்குத்தான் மூச்சு வாங்குது. அண்ணன் வந்தா நான் சொல்லிக்கறேன்" என்றாள் அவள்.

சொல்லிவிட்டு, போய்ப் பெட்டியின் பிளக்கைத் தன் கையாலேயே பிடுங்கினாள். ஒரு நிமிடம் பெட்டியின் கண்ணாடி மேல் கை வைத்து நின்றாள். எனக்குத் தாங்கவில்லை, அழுதுவிட்டேன்.

வண்டியை வாசலுக்குக் கொண்டுவரச் சொல்ல நான் போனை எடுத்தேன். அவள் என் கையில் இருந்த கண்ணாடி வளையல்களைப் பார்த்தாள்.

"வளைகாப்புக்குப் போயிட்டு வர்றீங்களா? பொண்ணு வண்டிலயா கீது?"

ஆமாம் என்றேன்.

"அப்ப இங்க வர வேணாம்மா. நல்லது முடிச்சிக்கினு போற பொண்ணு சாவு ஊட்டப் பாக்கக் கூடாது. நாங்க தூக்கினு வர்றோம்."

அவளோடு வேலை செய்கிறவர்கள் கம்பெனி பஸ்ஸில் வந்திருந்தார்கள். அவர்களில் நாலு பேர் அந்த ஜெனரேட்டரைத் தூக்கினார்கள். தெரு முனையில், சாமியானா கண்ணில் படாத ஒரு சுவருக்குப் பின்னால் வைத்தார்கள். கூடவே வந்த அவள் வண்டிக்குக் கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிட்டு, அப்போதுதான் மாலையோடு வந்து இறங்கிய ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, "நீ இன்னும் உள்ள வரலல்ல, நீயே போய் ஒயர மாட்டு" என்றாள். மெஷின் உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. அக்காவின் முகத்தில் மெதுவாக நிறம் திரும்பியது.

என் கணவர் அதற்குள் அந்த வீட்டுப் பையன் ஒருவனின் பைக்கில் தொற்றிக்கொண்டு, லாரியைத் தாண்டி ஊத்துக்கோட்டைக்கே போய், சாக்கில் சுற்றிய ஐஸ் பாளங்களோடு வந்தார். நேராக அந்த வீட்டுக்குள் போய், அவர்களோடு சேர்ந்து பெட்டியைச் சுற்றி அடுக்கினார். திரும்பி வந்தபோது சட்டை முழுக்க ஈரம். வண்டியைப் பற்றி அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

லைன் கரண்ட் வந்ததும் பெட்டியை வீட்டு பிளக்கில் போட்டுவிட்டு, ஜெனரேட்டரை எங்களுக்கே விட்டு வைத்தார்கள். லாரியை இழுத்துப் பாதையைத் திறக்கும்வரை அது எங்களுக்காகத்தான் ஓடியது. கிளம்பும் நேரத்தில் அக்கா மகள் இறங்கிப் போய்க் கும்பிட வேண்டும் என்றாள். தூரத்திலிருந்தே அந்தப் பெண் கையை அசைத்துத் தடுத்தாள். "நீ வராதம்மா. கொயந்த பொறந்ததும் தூக்கினு வா."

அண்ணன் வந்து அம்மா முகத்தை நல்லபடியாகப் பார்த்தார் என்று மறுநாள் போனில் சொன்னாள். அதைக் கேட்கும்வரை என் கணவர் சரியாகச் சாப்பிடவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. முதல் பயணம் குலதெய்வக் கோயிலுக்குத்தான் என்று சம்பந்தி வீட்டில் நாள் பார்த்து வைத்திருந்தார்கள். அக்கா முடியாது என்றுவிட்டாள். அதே வண்டியில் (இன்ஜினிலிருந்து சார்ஜ் ஏறுகிற வேலையை இவர் முடித்துவிட்டார், வெயிலில்தான் நிறுத்துகிறார்) குழந்தையை அந்தத் தெருவுக்குக் கொண்டுபோனோம். அந்தப் பெண் குளித்துவிட்டு வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். அவள் அம்மா படத்துக்கு முன்னால் பாயைப் போட்டு, குழந்தையை அக்காதான் படுக்க வைத்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உதவி செய்கிறவர்களை எல்லா ஊரிலும் பார்த்திருக்கிறேன். ஆனால் தன் அம்மாவைப் பறிகொடுத்த அந்த நேரத்தில், கேட்டதைக் கொடுத்ததோடு நிற்காமல், நாங்கள் வாய்விட்டுச் சொல்லாத பயத்தையும் புரிந்துகொண்டு, தன் துக்கத்தின் நிழல்கூட எங்கள் பிள்ளைமேல் விழாமல் பார்த்துக்கொண்ட அவளை நினைத்தால், என் அக்கா இழுக்கும் ஒவ்வொரு மூச்சுக்கும் நான் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிகிறது.