திருக்கை கிடக்கும் கடல்

கணவரைப் பார்க்க மஸ்கட் போயிருந்தேன். அவருக்கு லீவு கிடைக்காததால், கடற்கரைகளைக் காட்டக் கம்பெனி டிரைவரை அனுப்பினார். டிரைவருக்குக் கடலோர முத்துப்பேட்டை, எங்களுக்கு வயல் சூழ்ந்த வலங்கைமான். ஒல்லியான மனிதர், பேண்டை முழங்கால்வரை சுருட்டியிருந்தார். எந்தக் கடற்கரையிலும் நாங்கள் இறங்கும் முன் அவர் தண்ணீரில் காலை இழுத்து இழுத்து நடந்து பார்ப்பார்.

மூன்றாவது கடற்கரையிலும் நான்கு வயது மகளை நான் இடுப்பிலிருந்து இறக்கவில்லை. இடுப்பு விட்டுப்போனது. அவள் அழுது ஓய்ந்திருந்தாள்.

"ஊருக்குப் போயி பாப்பா கடலப் பாத்தேன்னுதான் சொல்லும், நனைஞ்சேன்னு சொல்லாது" என்றார் டிரைவர்.

ரோஷத்தில் அவளை இடுப்பில் வைத்தபடியே நானும் தண்ணீரில் இறங்கினேன்.

"வயல் சேத்துல நடக்குற மாதிரி காலத் தூக்கித் தூக்கி வைக்காதீங்கம்மா. மணலுக்குள்ள திருக்கை படுத்திருந்தா, மிதிச்சதும் முள்ளால குத்திரும். இழுத்து நடந்தா அதுவே ஒதுங்கிப் போயிரும்."

"இங்க திருக்கை இருக்கா?"

"கடல்னா இருக்கத்தாங்க செய்யும்."

முன்னால் நடந்தார். ஓரிடத்தில் அவர் காலருகே மணல் குபுக்கென்று கலங்கியது. ஒரு கணம் நின்றவர், "இப்ப பாப்பாவ விடுங்க" என்றார். விட்டேன். அவரைப் போலவே காலை இழுத்து நடந்து, அன்று முதல்முறையாகச் சிரித்தாள்.

என்ன கலங்கியது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளைத் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடியிருப்பேன். அது தெரிந்துதான் அவரும் சொல்லவில்லையோ என்னவோ.