அன்வர் பாயின் சூட் கசியவில்லை

அன்வர் பாய் இறந்த செய்தி எனக்கு ஓர் ஆர்டராகத்தான் வந்து சேர்ந்தது. காலையில் ஜெராக்ஸ் கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். வாட்ஸ்அப்பில் அவருடைய படம். கீழே, ‘பத்துக்கு எட்டு பிளெக்ஸ், மதியத்துக்குள் வேண்டும்’ என்று ஒரு வரி. அதற்கும் கீழே அச்சிட வேண்டிய வாசகம்: ‘தன் கையால் ஒட்டிய உடை கசிந்ததால் இன்னுயிர் நீத்த நீர்மூழ்கி வீரர் அன்வர் பாய்க்குக் கண்ணீர் அஞ்சலி.’ அனுப்பியவர் நம்மூரில் லாட்ஜ் வைத்திருப்பவர். பத்து நாளாக ஆஸ்பத்திரியில் கிடந்த மனுஷன் போய்விட்டார் என்று அழ வேண்டியவள், அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு எரிந்தேன். இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கிறேன்.

அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: என் கடைக்கு அடுத்த கடை அவருடையது. பைக் சீட்டுக்கு உறை தைப்பார், லாரிக்குத் தார்ப்பாய் தைப்பார். நடுவில் யாராவது போன் செய்தால் மெஷினை நிறுத்திவிட்டுக் கிளம்பிவிடுவார். கிணற்றில் விழுந்த மோட்டார், கல்குவாரிக் குட்டையில் மூழ்கிய பைக், சில சமயம் மூழ்கிப்போன ஆட்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்குவார், எடுத்துக்கொண்டு ஏறுவார். கீழ்பென்னாத்தூர் வரை அவரைக் கூப்பிடாத ஊர் இல்லை. கூப்பிட்டவர்களில் ஒருவர்கூட, அந்தத் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டதில்லை. உடம்பெல்லாம் தடித்து அரிப்பெடுத்து, மாசக்கணக்கில் களிம்பு தடவிக்கொண்டு மெஷினில் உட்கார்ந்திருப்பார்.

அந்த சூட் அவருக்கு வந்தது ஆசிரமத்துப் பக்கம் வாடகைக்கு இருந்த ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து. குளிர்ந்த கடலில் முங்குகிறவர்கள் போடுகிற உடை அது. பாதமும் உடையோடு சேர்ந்தே மூடியிருக்கும், கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் இறுக்கிப் பிடிக்கும். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் போகாது. போட்டிருக்கும் சட்டைகூட நனையாது. ஊருக்குத் திரும்பும்போது, தையல் எல்லாம் கசிகிறது, இனி உதவாது என்று சொல்லி அவரிடம் தள்ளிவிட்டுப் போனார். எல்லோரும் சிரித்தோம். “இந்த வெயில்ல இத போட்டா அவிஞ்சு பூடுவீங்க பாய்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. “குளிருக்கு இல்லம்மா. அழுக்குக்கு” என்றார்.

முதல் தடவை அவர் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சீட்டு தைக்கிறவர் அல்லவா, கசிகிற தையலைப் பார்த்ததும் ஊசி எடுத்துவிட்டார். நெருக்கி நெருக்கி இரட்டைத் தையல் போட்டு, அழகு பார்த்து, கிணற்றில் இறங்கினார். இடுப்பு வரைக்கும் தண்ணீர் நிரம்பி, நடக்க முடியாமல் நடந்து வந்தார். “ஒரு ஓட்டைய அடைக்க நூறு ஓட்டை போட்டிருக்கேன் பாரும்மா” என்று தலையில் அடித்துக்கொண்டார். அத்தனை தையலையும் பிரித்தார். அதற்குப் பிறகு அந்த சூட்டின் பக்கம் ஊசியைக் கொண்டுபோகவே இல்லை.

பிறகு அவராகவே ஒரு முறையைக் கண்டுபிடித்தார். காற்று வெளியே போகாதபடி மணிக்கட்டு இரண்டிலும் தண்ணீர் பாட்டிலைச் செருகுவார். கழுத்தில் எவர்சில்வர் தூக்குவாளி. ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, நெஞ்சில் இருக்கும் வால்வு வழியாகக் கால்பம்பால் காற்றடிப்பார். தலையில்லாத ஆள் ஒருவன் கடைக்குள் மல்லாந்து படுத்திருப்பான். தையல் வழியே பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீர் தடவ வேண்டியது, குமிழி எங்கே வருகிறதோ அங்கே ரெக்ஸினில் கோடு போடுகிற நீலச் சாக்பீஸால் வட்டம் போட வேண்டியது. பிறகு உள்பக்கம் திருப்பி, துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, பசையை மெல்லிசாக ஒருமுறை, காய்ந்ததும் இன்னொருமுறை, மேலே ரப்பர் பட்டை.

ஒருமுறை முழங்கால்தான் நனைகிறது என்றார். குமிழி வந்ததோ தொடை இடுக்கில். எனக்குப் புரியவில்லை. “ஓட்ட ஒரு எடம், ஈரம் ஒரு எடம்மா. ஈரம் தெரியிற எடத்துல ஒட்டிக்கினே இருந்தா ஆயுசுக்கும் ஒட்டிக்கினே இருக்க வேண்டியதுதான்” என்றார். இன்னொன்றும் சொல்வார்: “பசை முழுசா ஒரு நாள் காயணும். அவசரப்பட்டா அது நம்மள ஏமாத்தல, நாமதான் அத ஏமாத்துறோம்.” அந்த விஷயத்தில் மட்டும் யாருக்கும் வளைந்து கொடுக்க மாட்டார்.

ஒரே ஒரு நாள் வளைந்தார். அன்று காலையில்தான் இடது கால் தையலை ஒட்டி, கடைக்குப் பின்னால் கொடியில் போட்டிருந்தார். மறுநாள் பௌர்ணமி. பதினோரு மணிக்கு லாட்ஜ்காரர் போன் செய்தார். கை முழுக்கப் பசை என்பதால் பாய் ஸ்பீக்கரில் போட்டார். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

“மோட்டார மேல தூக்கும்போது கயிறு அறுந்து கெணத்துல விழுந்துடுச்சு பாய். நாளைக்கு கிரிவலக் கூட்டம், ரூம் எல்லாம் ஃபுல். ஒடனே வாங்க.”

“சூட்டு ஒட்டி வெச்சிருக்கேங்க. காய ஒரு நாள் ஆவும். நாளைக்குக் காலைல மொத வேலையா வந்து எடுத்துத் தரேன்.”

“சூட்டெல்லாம் எதுக்கு? அது என்னா கடலா? சும்மா எறங்கி ஏறுங்க.”

பாய் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “அந்தத் தண்ணி சரியில்லம்மா. கெணத்த ஒட்டியே செப்டிக் டேங்க் கட்டி வெச்சிருக்காங்க. போன தடவையே வாடை ஜாஸ்தி” என்றார். அந்த லாட்ஜின் பில் புத்தகம், விசிட்டிங் கார்டு எல்லாம் என் கடையில்தான் அடிப்பார்கள். “ரெண்டு நிமிஷ வேலதானே பாய், போயிட்டு வந்துடுங்க” என்று நான்தான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். இதை எழுதாமல் மற்றவர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி மோட்டாரை எடுத்துக் கொடுத்தார். சில நாளிலேயே காய்ச்சலில் படுத்தார். குதிகால் வெடிப்பு வழியாகத்தான் கிருமி உள்ளே போயிருக்க வேண்டும், அழுக்குத் தண்ணீரில் வருகிற காய்ச்சல் இது என்று டாக்டர் சொன்னாராம். பௌர்ணமிக்கு வந்தவர்கள் எல்லாம் குளித்து, கிரிவலம் போய், ஊர் திரும்பிவிட்டார்கள். அவர்கள் குளித்ததும் அதே கிணற்றுத் தண்ணீரில்தான். பாய் மட்டும் திரும்பவில்லை.

பிளெக்ஸை நான் அடிக்க மாட்டேன் என்றேன். வேறு கடையில் அடித்து முச்சந்தியில் கட்டினார்கள். தெருவில் நடந்த இரங்கல் கூட்டத்தில் லாட்ஜ்காரர் மைக்கைப் பிடித்து, “வீட்டுல ஒட்டுப்போட்ட துணிய நம்பி எறங்கினாரே” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்ன நெஞ்சழுத்தம்! “அன்னிக்கு அவர் சூட்டே போடலீங்க. அது கொடியில தொங்கிச்சு. நீங்கதான் அவசரப்படுத்துனீங்க” என்று எழுந்து கத்தினேன். “கசியாத சூட்டா இருந்தா ஏன் ஒட்டப் போறாரு? செத்தவர வெச்சு சண்ட வேணாம், உக்காருங்க மேடம்” என்றார். கூட்டம் அவர் பக்கம் தலையாட்டியது. பாய் கிணற்றில் இறங்கி எத்தனை பேருடைய மோட்டாரை எடுத்துக் கொடுத்தாரோ, அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள்.

அடுத்த வாரம் அவர் மனைவி ஜரீனாவைப் பார்க்கப் போனேன். கணவரை இழந்தவர்கள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருப்பதால் அவள் வெளியே வருவதில்லை. கடையைக் காலி செய்து சாமான்களை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். சூட் கதவுக்குப் பின்னால் தொங்கியது. “ஊரே கசிஞ்சுது, கசிஞ்சுதுங்குதுக்கா. அவர் கடைசியா ஒட்டுனது. பசை புடிச்சிருக்கா இல்லியானு பாத்துடணும்” என்றாள். ஒருவேளை குமிழி வந்துவிட்டால்? அந்த லாட்ஜ்காரர் சொன்னது பாதியாவது உண்மையாகிவிடுமே என்று பயந்தேன்.

பாட்டிலைச் செருகினோம், தூக்கை வைத்தோம். ஜரீனா பம்பை மிதித்தாள். கால், கை, மார்பு என்று அந்த உடம்பு மெல்ல எழுந்து வந்ததைப் பார்த்ததும் அவள் ஒரு நிமிடம் மிதிப்பதை நிறுத்திவிட்டாள். பிறகு மறுபடி மிதித்தாள். நான் இடது கால் தையலில் சோப்புத் தண்ணீர் தடவினேன். காத்திருந்தோம். வலது கால், அக்குள், தோள் என்று ஒரு இடம் விடாமல் தடவினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. “புடிச்சிருக்குக்கா” என்றாள் ஜரீனா. அதற்குப் பிறகுதான் நாங்கள் இருவரும் அழுதோம்.

கிளம்பும்போது அவருடைய நீலச் சாக்பீஸை என் கையில் வைத்தாள். சூட்டில் அதற்கு வேலை இல்லாமல் போய்விட்டது. நேராக லாட்ஜுக்குப் போனேன். பின்பக்கம் கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவில் இருக்கும் சுவரில், பட்டப்பகலில், வாட்ச்மேன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பாய் போடுவது போலப் பெரிதாக ஒரு வட்டம் போட்டுவிட்டு வந்தேன். ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

மறுநாளே அதன் மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அடிக்கட்டும். பாயிடமிருந்து எனக்கு மிச்சம் இருப்பது அந்தச் சாக்பீஸ்தான், அதில் இன்னும் முக்கால்வாசி தேயாமல் இருக்கிறது.