எனக்காகப் பேசிய சிஞ்ஞோரா

“உன்னை என் மகள் மாதிரித்தான் பார்க்கிறேன்” என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். இத்தாலியில், பலேர்மோ நகரத்தில், நான் சிஞ்ஞோரா என்று கூப்பிட்ட வீட்டு எசமானியம்மா அதை மூன்று வருடம் எனக்குச் சொன்னார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு முப்பது வயது. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவள், பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் அவருடைய நாலாம் மாடி வீட்டில் சமைத்தேன், துடைத்தேன், துவைத்தேன். பெர்மெஸ்ஸோ, அதாவது அந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதிக் கடதாசி, என்னிடம் இல்லை. தெருமுனையில் பொலிஸ்காரரைக் கண்டால் ஏதாவது கடைக்குள் நுழைந்து வாங்கப் போகாத சப்பாத்தைப் போட்டுப் பார்ப்பேன். அம்மா செத்தபோது ஊருக்குப் போகவில்லை. போனால் திரும்பி வரமுடியாது. செய்தி வந்த அன்று சிஞ்ஞோரா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அவருடைய கண்ணீர் என் தோளில் பட்டது. அன்று பின்னேரம் விருந்தாளிகள் வந்தார்கள். நான் மீன் பொரித்தேன்.

அந்த வருடக் கடைசியில் அரசாங்கம் ஒரு புதுச் சட்டம் கொண்டுவந்தது. கடதாசி இல்லாமல் வேலை செய்பவருக்கு, வேலை கொடுத்தவர் “ஓம், இவர் என்னிடம் வேலை செய்கிறார்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டியதையும் கட்டினால் பெர்மெஸ்ஸோ கிடைக்கும். அதற்கு ஒரு சில மாதங்கள்தான் தவணை.

ஊர் முழுக்க அதே கதை. தொலைக்காட்சிக்காரர்கள் தெருவில் போகிறவர்களிடம் மைக்கை நீட்டிக் கருத்துக் கேட்டார்கள். சிலர் இருக்கட்டும் என்றார்கள், பலர் அனுப்புங்கள் என்றார்கள். எங்களிடம் ஒருவரும் மைக்கை நீட்டவில்லை. எங்கள் ஆட்களும் சும்மா இருக்கவில்லை. பல்லரோச் சந்தைப் பக்கம் என்னோடு ஒரே அறையில் இருந்த அக்காவுக்கு முந்தி வந்த இதேமாதிரிச் சட்டத்திலேயே கடதாசி கிடைத்திருந்தது. அவ ஒருநாள் மரக்கறி வெட்டிக்கொண்டே சொன்னா:

“எல்லாருக்கும் குடுத்தால் எங்கடை வேலைக்கு மதிப்பில்லாமல் போயிடும். இனி வாறவையை நிப்பாட்டத்தான் வேணும்.”

“அப்ப நான்?” என்று கேட்டேன்.

“உம்மைச் சொல்லேல்லை. நான் பொதுவாக் கதைக்கிறன்.”

எல்லோரும் பொதுவாகத்தான் கதைத்தார்கள். அன்றிரவு நான் அவவோடு சேர்ந்து சாப்பிடவில்லை.

சிஞ்ஞோரா எங்கள் பக்கம். தேவாலயக் குழுவில் அவர் முக்கியமான ஆள். சட்டத்தை ஆதரித்து நடந்த ஒரு கூட்டத்தில் அவர்தான் பேசினார். அதற்கான வெள்ளைச் சட்டையை இஸ்திரிப்பெட்டியால் மினுக்கிக் கொடுத்தவள் நான். என்னையும் கூட்டிக்கொண்டு போய்ப் பின்வரிசையில் இருத்தினார். “எங்கள் வயோதிபர்களைப் பராமரிப்பவர்கள் இவர்கள், எங்கள் பிள்ளைகளைக் குளிப்பாட்டுபவர்கள் இவர்கள், இவர்களை நாம் ஒளித்து வைத்திருப்பது வெட்கம்” என்று சொல்லி என்னைக் கைகாட்டினார். சனம் திரும்பிப் பார்த்துக் கைதட்டியது. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. ஆனால் அன்று நான் நம்பினேன்.

அடுத்த நாள் காலை படிவத்தை அவர் முன்னால் வைத்தேன். பார்க்கலாம் என்றார். ஒரு கிழமை கழித்துக் கேட்டேன். நத்தார்ப் பண்டிகை முடியட்டும் என்றார். முடிந்தபின் கேட்டேன். கணவர் விரும்பவில்லையாம். அதிகாரிகள் வந்து, கணக்கில் காட்டாமல் என்னை வைத்திருந்த மூன்று வருடத்தையும் கிண்டுவார்களாம். “உனக்கு இங்கே என்ன குறை? நீ என் மகள் மாதிரி” என்றார். படிவம் குசினி மேசையில் கிடந்தது. அதன் மேல் யாரோ எண்ணெய்ப் போத்தலை வைத்திருந்தார்கள்.

தவணை முடிய மூன்று கிழமை இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதிய விருந்துக்கு எட்டுப் பேர் வந்தார்கள். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். பேச்சு மறுபடி சட்டத்துக்குப் போனது. சிஞ்ஞோரா கூட்டத்தில் சொன்னதையே அழகாகத் திருப்பிச் சொன்னார். அவருடைய கணவர் இளம் வயதில் ஜெர்மனியில் தொழிற்சாலையில் வேலை செய்தவர். பலகைக் கொட்டிலில் ஆறு பேரோடு படுத்ததை எனக்கே பலமுறை சொல்லியிருக்கிறார். இவர்கள் எங்களைப் போல இல்லை என்றார் அவர். நாங்கள் ஒப்பந்தத்தோடு போனோம், எங்களைக் கூப்பிட்டார்கள், இவர்களை யார் கூப்பிட்டது என்று கேட்டார்.

என் கையில் கத்தரிக்காய்க் கறித் தட்டு இருந்தது. அதை மேசையில் வைத்தேன்.

“என்னை சிஞ்ஞோராதான் கூப்பிட்டார்” என்றேன். “மூன்று வருடமாகக் காலை ஏழு மணிக்குக் கூப்பிடுகிறார். உங்களைக் கூப்பிட்டவர்கள் கடதாசி தந்தார்கள். என்னைக் கூப்பிட்டவர் கையெழுத்துப் போடமாட்டாராம்.”

இத்தாலிய மொழியில் ஒரு வினைச்சொல்லைப் பிழையாகச் சொன்னேன் என்பது அப்போதே தெரிந்தது. சிஞ்ஞோராவின் கழுத்து சிவந்துபோனது. பிறகு அவர் மெதுவாக, பழம் கொண்டு வா என்றார். நான் ஏப்ரனைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு இறங்கி வந்தேன்.

துறைமுகம் வரைக்கும் நடந்தேன். நேப்பிள்ஸ் போகும் கப்பல் நின்றது. கடதாசி கேட்பார்களோ என்று அதில் ஏறவும் எனக்குப் பயம். வேலை போய்விட்டது, தவணையும் போகப்போகிறது. அவ்வளவுக்கும் ஆத்திரம் அடங்கவில்லை. வெட்கம்தான் அதோடு சேர்ந்துகொண்டது, கைதட்டலை நம்பினதற்காக.

இரண்டு நாள் கழித்து என் சப்பாத்தையும் குடையையும் எடுக்கப் போனேன். படியில் மூன்றாம் மாடி விதவை மறித்தார். அவரைக் கண்டாலே எனக்குப் பிடிக்காது. லிஃப்டில் என் முகத்துக்கு நேரே “உங்கள் ஆட்கள் கூடிப்போய்விட்டார்கள்” என்று சொன்னவர். எங்களை அனுப்பவேண்டும் என்ற கட்சிக்குத்தான் வாக்குப் போடுவதாகக் கட்டிடம் முழுக்கச் சொல்லித் திரிந்தவர். மேலே நடந்தது அவருக்குத் தெரிந்திருந்தது. தனக்குக் கால் சரியில்லை, ஆள் வேண்டும் என்றார்.

“படிவத்தில் கையெழுத்துப் போடுவீர்களா?” என்று நின்ற நிலையிலேயே கேட்டேன்.

“அந்தச் சட்டம் எனக்குப் பிடிக்கவில்லை” என்றார். “ஆனால் என் வீட்டில் வேலை செய்கிறவளை நான் ஒளித்து வைக்கமாட்டேன். கடதாசியைக் கொண்டு வா.”

கண்ணாடியைத் தேடி எடுத்து, ஒவ்வொரு வரியாக வாசித்து, கையெழுத்துப் போட்டார். கட்டவேண்டியதையும் தானே போய்க் கட்டினார். நான் அழுதேன். அழுததற்கும் எனக்கு என்மேல் கோபம் வந்தது. அவர் நல்லவரும் இல்லை. அவரிடம் இருந்த நாலு வருடத்தில் தன் எண்ணத்தை ஒரு நூல் அளவும் மாற்றவில்லை; தொலைக்காட்சியில் எங்களைப் பற்றி வந்தால் சத்தத்தைக் கூட்டுவார், நான் பக்கத்தில் நின்று மருந்து எடுத்துக் கொடுப்பேன். என் அம்மா எப்படிச் செத்தார் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தின் வாசலில் விடியப்புறத்திலிருந்து மூன்று நாள் வரிசையில் நின்று பெர்மெஸ்ஸோவை எடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு அக்கா, “கெட்டிக்காரிதான் நீர்” என்றா. நான் அதை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

அடுத்த கோடையில் ஒருநாள் லிஃப்டுக்குள் சிஞ்ஞோராவும் தேவாலயக் குழுப் பெண் ஒருவரும் நின்றார்கள். நான் ஏறியதும் சிஞ்ஞோரா என் கன்னத்தைத் தடவினார்.

“இவளுக்கும் கடதாசி கிடைத்துவிட்டது” என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். “எவ்வளவு போராடினோம்.”

“கையெழுத்துப் போட்டவர் மூன்றாம் மாடியில் இருக்கிறார், சிஞ்ஞோரா” என்றேன்.

மூன்றாம் மாடி வந்தது. நான் இறங்கினேன்.