முதல் துஆ ரிஸ்வானின் வேனுக்கு

என் வேன் பழுதாகிக் கிடந்த அந்த ஒரு கிழமையும் நான் அல்லாஹ்வை நினைத்ததை விட ரிஸ்வானின் வேனைத்தான் அதிகம் நினைத்தேன். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

ரிஸ்வான் என் மனைவியின் தங்கை புருஷன். இரண்டு பேரும் நுரைச்சோலையிலிருந்து கற்பிட்டிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிறோம். என்னுடையது பழைய டீசல் வேன். அவனுடையது புதுசு, ஏசி வேறு. போன வருடம் காற்றுக் காலத்தில் என் வேனின் எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் டேர்போ பழுதாய்ப் போனது. ஒரே புகை, இழுவையே இல்லை. என் வேனில் வந்த பிள்ளைகளெல்லாம் அவன் வேனுக்குப் போனார்கள். என் சொந்த மகளும்தான்.

"வாப்பா, சாச்சாட வேன் குளுகுளு எண்டு இரிக்கி" என்றாள். எனக்கு வயிறு எரிந்தது. தாய் தகப்பன்மார் அவனோடு பழகிவிட்டால் என் பிழைப்பு முடிந்தது.

முழு டேர்போவையும் மாற்ற எனக்கு வசதியில்லை. விசிறி சுழலும் நடுத்துண்டை மட்டும் வாங்கி, ஃபோனில் வீடியோ பார்த்து முற்றத்தில் நானே இறங்கினேன். எங்கள் பக்கம் மணல் பறக்கும். ஒரு பருக்கை உள்ளே போனாலும் விசிறி நாசம். அதனால் கழற்றிய குழாய்களின் வாயில் துணி அடைத்தேன். துருப்பிடித்த நட்டுகள் கையைக் கிழித்தன. அந்த நேரம் பார்த்து, காலையில் பிள்ளைகளை ஏற்றிப் போன ரிஸ்வான் வேனை மெதுவாக்கி முற்றத்தை எட்டிப் பார்த்தான்; ஹார்ன் அடித்து, கை காட்டிவிட்டுப் போனான்.

"எல்லாம் இவன்ட கண்ணூறு!" என்று கத்தினேன்.

மனைவி சிரித்தாள். "ஒங்கட பழைய வேனுல அவர் ஏன் கண் வைக்கப் போறார்? அவருக்காக துஆ கேளுங்க. முன்னால இல்லாத சகோதரனுக்காகக் கேட்டா, 'ஆமீன், ஒனக்கும் அதே கிடைக்கட்டும்' எண்டு வானத்து மலக்கு சொல்வாராம்."

மதியம் லுஹர் தொழுதுவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். "யா அல்லாஹ், ரிஸ்வான்ட வேன் பழுதில்லாம ஓடட்டும்." உண்மையில் எனக்கு அந்த 'ஒனக்கும் அதே'தான் தேவைப்பட்டது.

எல்லாம் பூட்டி ஸ்டார்ட் பண்ணினேன். இருமிவிட்டு நின்றது. மறுபடியும் அதேதான். ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுதேன். என்னால் முடியவில்லை ரப்பே, முடியவில்லை.

அப்போது மகளை இறக்கிவிட வந்த ரிஸ்வான் முற்றத்துக்குள் வந்தான். பாயில் கிடந்த சாமான்களைப் பார்த்தான். அண்ணன் முறையில் என்னை 'நானா' என்றுதான் கூப்பிடுவான்.

"நானா, காலைல ரெண்டு குழாய்க்குத் துணி அடைச்சிரிந்தீங்க. இங்க ஒரு துணிதான் கிடக்கு. மத்தது எங்க?"

உடனே ஸ்பேனரை எடுத்தேன். காற்றுக் குழாயைக் கழற்றினோம். துணி வளைவில் இறுகிக் கிடந்தது. இன்னும் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணியிருந்தால் புது விசிறிக்குள்ளே போயிருக்கும். அதை எடுத்ததும் வேன் புகையில்லாமல் உறுமியது.

"நாளைக்கு ஒங்கட பிள்ளைகள நீங்களே ஏத்துங்க நானா" என்றான்.

அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த நல்ல குணத்தைப் பார்த்ததும் எனக்குப் பொறாமை இன்னும் கூடியது. ரப்பே, இந்தக் குணத்தையும் ஏன் இவனுக்கே கொடுத்தாய் என்று நினைத்தேன்.

சகோதரர்களே, உங்கள் வயிற்றை எரிய வைப்பவனுக்காக முதலில் கேளுங்கள். மனம் வராவிட்டாலும் கேளுங்கள். அவன் கையாலேயே அல்லாஹ் உதவி அனுப்புவான். நான் இன்றும் சாவி போடுமுன் ரிஸ்வானுக்குத்தான் முதல் துஆ கேட்கிறேன். அவன் வேன் நன்றாக ஓடட்டும், அவன் ஏசி நன்றாகக் குளிரட்டும்.

என் வேனில் ஏசி இல்லை என்பது 'ஒனக்கும் அதே' என்று ஆமீன் சொல்லும் மலக்குக்குத் தெரியாமலா இருக்கும்?